வாளுக்கு முந்திய முந்நூறு ஆண்டுகள்: ரோமானிய உலகில் கிறிஸ்தவம் பரவிய வரலாறு

ஜீயபுரம் காவிரியின் தென்கரையில், திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர். அங்குள்ள உறவினர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். மக்ரிப் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பயிலும் அவ்வீட்டுப் பெண்பிள்ளை வரலாற்றுப் புத்தகத்துடன் வந்து அமர்ந்தாள். ரோமானியப் பேரரசைப் பற்றிய பாடம். "பெரியத்தா, ரோம்ல கிறிஸ்தவ மதம் எப்படிப் பரவுச்சு?" என்று கேட்டாள். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பாராமலே, "ராஜா மாறினான், ஜனங்களையும் மாத்தினான். எல்லாம் வாளுதாம்மா" என்றார்.

பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்மளையும் அப்படித்தானே சொல்றாங்க? எங்க கிளாஸ்ல ஒரு பையன் சொன்னான்" என்றாள். பெரியவரின் விரல்கள் நின்றுவிட்டன.

இஸ்லாம் வாளால் பரவியது என்ற பழியைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர்கள் நாம். மலபாருக்கும் சோழமண்டலக் கரைக்கும் வணிகர்கள் வழியாகவும், திருச்சிக்கு நத்ஹர் வலியுல்லாஹ் போன்ற இறைநேசர்கள் வழியாகவும் மார்க்கம் வந்ததைச் சொல்லிச் சொல்லி நா வறண்டவர்கள். அதே பழியை மற்றொரு சமுதாயத்தின் மீது, விசாரிக்காமலே, எத்தனை எளிதாகச் சுமத்திவிடுகிறோம்! அன்றிரவு அப்பிள்ளைக்கு நம்மால் முழுமையான விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்ததை இங்கே எழுதுகிறோம். நபி ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் அகீதாவும் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையும் வேறு வேறு. அந்த விவாதத்திற்குள் நாம் இங்கே செல்லவில்லை. ஒரு மார்க்கம் மனிதரிடையே எவ்வழியே நடந்து சென்றது என்பது மட்டுமே நம் பேச்சு.

ஜீயபுரத்தின் வழியே செல்லும் சாலையிலிருந்தே தொடங்கலாம். அதன் கிழக்கு முனையில் சோழரின் பழைய தலைநகரான உறையூர், மேற்கே கரூர். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு நூல், அர்கரு என்ற உள்நாட்டு ஊரையும் அவ்வூரின் பெயராலேயே விலைபோன மெல்லிய துணியையும் குறிப்பிடுகிறது. அந்த அர்கரு நம் உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கரூரிலோ, அமராவதி ஆற்று மணலிலிருந்து ரோமானியக் காசுகள் தொடர்ந்து கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களின் முகம் பொறித்தவை.

திபேரியஸ் ஆண்ட காலம் கி.பி. 14 முதல் 37 வரை. நபி ஈஸா (அலை) பலஸ்தீன மண்ணில் மக்களை இறைவன்பால் அழைத்தது இவனுடைய ஆட்சியில்தான். பேரரசனுக்கு வரி செலுத்தலாமா என்று சிலர் அவர்களைச் சோதித்து ஒரு காசைக் காட்டியதாகக் கிறிஸ்தவர்களின் வேதநூல் கூறும். அந்தக் காசு திபேரியஸின் வெள்ளிக் காசாகவே இருக்கவேண்டும் என்பது நாணயவியலாரின் பொதுக்கருத்து. அதே வார்ப்புக் காசுதான் கப்பலேறி, செங்கடல் கடந்து, முசிறியில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காவிரிப் படுகை வரை வந்தது. இங்கிருந்து மிளகும், துணியும், நீலப்பச்சைக் கல்லும் சென்றன. இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் வெளியேறுகிறதே என்று மூத்த பிளினி என்ற ரோமானிய அறிஞர் புலம்பி எழுதினார். இவருடைய சகோதரியின் மகனும் பிளினிதான். மாமன் நம் மிளகைப் பற்றிக் கவலைப்பட்டார். மருமகன் கவலைப்பட்டது கிறிஸ்தவர்களைப் பற்றி.

இளைய பிளினி இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியாவுக்கு ஆளுநராக இருந்தவர். சுமார் கி.பி. 112இல் பேரரசர் டிராஜனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. கிறிஸ்தவர்கள் பெருகிவிட்டனர், இவர்களை என்ன செய்வது என்பதே அதன் சாரம். நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் வயல்வெளிகளிலும் இது பரவிவிட்டது. எல்லா வயதினரும், எல்லாப் படிநிலையினரும், ஆணும் பெண்ணும் இதில் உள்ளனர். கோயில்கள் வெறிச்சோடுகின்றன என்கிறார். இவர்கள் செய்யும் குற்றந்தான் என்ன என்று விசாரித்ததில், குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், களவும் விபசாரமும் நம்பிக்கை மோசடியும் செய்வதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள் என்றே தெரியவந்தது. இன்னும் நிச்சயமாக அறிய, அச்சபையில் பணிபுரிந்த இரண்டு பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார் ஆளுநர். இருவரும் அடிமைகள். அவர்களுடைய பெயரைக்கூட அவர் எழுதவில்லை. ஈஸா (அலை) அவர்களின் காலத்திற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின், பேரரசின் ஒரு மாகாணத்தில் அம்மார்க்கத்தைத் தாங்கி நின்றவர்கள் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எப்படிப் பரவியது? அரசனிடம் படையும் அஞ்சலும் இருந்தன. இவர்களிடம் இருந்தவை சாலையும் தொழிலும் மட்டுமே. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நகரங்களிலெல்லாம் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் முன்பே இருந்தன. கிரேக்க மொழி எங்கும் விளங்கியது. செய்தி முதலில் அந்தக் கூடங்களுக்குச் சென்றது. பவுலைப் பற்றி நம் உலமாக்கள் கூறும் விமர்சனத்தை இங்கே ஒருபுறம் வைப்போம். அவர் ஊர் ஊராகச் சென்ற முறை கவனிக்கத்தக்கது. கூடாரம் தைப்பது அவர் தொழில். கொரிந்து நகரில் அதே தொழில் செய்த கணவன் மனைவியர் வீட்டில் தங்கி, வேலை செய்துகொண்டே பேசினார். பிலிப்பி நகரில் அவர் சொல்லை முதலில் ஏற்றவர்களுள் ஒருவர் லீதியா என்ற பெண். செந்நீலச் சாயத் துணி விற்றவர். துணி மூட்டையைத் தோளிலேற்றி ஊர் ஊராகச் சென்ற பாட்டன்மார்களின் கதை நம்மில் எத்தனை குடும்பங்களில் உண்டு! கடைத்திண்ணையில் பழக்கம் ஏற்படுவதும், பழக்கத்திலிருந்து நம்பிக்கை பிறப்பதும் எப்படி என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

எதிரிகளின் ஏளனமும் இதையே உறுதி செய்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். கம்பளி நெய்பவனும், செருப்புத் தைப்பவனும், துணி வெளுப்பவனும் வீடுகளுக்குள் புகுந்து, பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தங்கள் கொள்கையை ஓதுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இழிவுபடுத்தவே அவர் இதைச் சொன்னார். நபி நூஹ் (அலை) அவர்களிடம் அக்காலப் பெருந்தனக்காரர்கள், எங்களில் தாழ்ந்தவர்கள் அல்லவா உம்மைப் பின்பற்றுகிறார்கள் என்று சொன்னதைத் திருமறையில் ஓதியவர்களுக்கு இந்தக் குரல் புதியதன்று.

பெண்கள் மிகுதியாக வந்ததற்கும் காரணம் இருந்தது. வேண்டாத சிசுவை, பெரும்பாலும் பெண்சிசுவை, வெளியே போட்டுவிடுவது ரோமானிய உலகில் குற்றமாகக் கருதப்படவில்லை. எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கடிதம் கி.மு. 1ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேலைக்காக அலெக்சாந்திரியா சென்ற ஹிலாரியன் என்பவன் கருவுற்றிருந்த மனைவிக்கு எழுதுகிறான். பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு, மற்ற வீட்டுச் செய்திகளையும் அன்போடு விசாரிக்கிறான். அந்த அன்புதான் நம்மை நடுங்க வைக்கிறது. கிறிஸ்தவர்கள் இதைக் கொலை என்றனர். உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தையிடம் எந்தக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் வினவப்படும் என சூரா தக்வீரில் ஓதுகின்ற நாம், அந்நிலைப்பாட்டின் கனத்தை உணரமுடியும்.

பிறகு கொள்ளைநோய். கி.பி. 165இல் தொடங்கி ஒன்றும், 250ஐ ஒட்டி மற்றொன்றுமாகப் பேரரசை இரு பெருநோய்கள் வாட்டின. நோயாளிகளை உறவினரே தெருவில் தள்ளியபோது கிறிஸ்தவர்கள் அருகிலிருந்து பணிவிடை செய்தனர், செய்து தாமும் மாண்டனர் என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியஸ் எழுதினார். தம் மக்களைத் தாமே புகழ்கிறார் என்று ஒருவர் கூறலாம், கூறுவது நியாயமே. ஆனால் பேரரசர் ஜூலியனின் சாட்சியும் இருக்கிறது. கிறிஸ்தவத்தை வெறுத்துப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முனைந்தவர் அவர். 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமின்றி நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே, நமக்கு வெட்கமாக இல்லையா என்று கடிந்துகொண்டார். பகைவன் தரும் நற்சான்றைத் தள்ளிவிட முடியாது. 251ஐ ஒட்டி ரோம் நகரத்துச் சபை ஒன்று மட்டும் 1,500க்கும் மேற்பட்ட விதவைகளுக்கும் வறியோர்க்கும் உணவளித்து வந்தது என்ற கணக்கும் உண்டு. நம் பைத்துல்மால்களின் கணக்கேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்தால் சற்று நாணமும் வரலாம்.

ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலார் 1996இல் வெளியிட்ட நூலில் ஒரு மதிப்பீடு செய்தார். கி.பி. 40இல் ஆயிரம் பேர் இருந்ததாக வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 விழுக்காடு பெருகினால், 300ஆம் ஆண்டளவில் அறுபது லட்சத்தைத் தாண்டும். அது பேரரசின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இது ஊகக் கணக்கே என்றாலும் ஒன்றை விளக்குகிறது. பெருந்திரளாக ஒரே நாளில் மாறவேண்டிய தேவையே இல்லை. வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் என்ற நடையே போதும்.

இக்காலம் முழுவதும் வாள் இருந்தது. அது எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. 64இல் ரோம் நகரம் எரிந்தபோது நீரோ இவர்கள் மீது பழிபோட்டுக் கொன்றான். எனினும் நாடு முழுவதும் ஒருசேர ஒடுக்குமுறை என்பது டீசியஸ் காலத்தில்தான் வந்தது. 250ஐ ஒட்டி, குடிமக்கள் அனைவரும் ரோமானியத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றுச் சீட்டு பெறவேண்டும் என்று ஆணை பிறந்தது. அத்தகைய சீட்டுகள் 40க்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. பெயர், வயது, ஊர், பலியிட்டேன் என்ற வாசகம், சாட்சிகளின் ஒப்பம். தன் நம்பிக்கைக்கும் குடியுரிமைக்கும் ஒரு காகிதத்தைக் காட்டு என்று அரசு கேட்பது எத்தகைய அச்சத்தை விளைவிக்கும் என்பதை இன்றைய வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இந்த டீசியஸைத்தான் நம் தஃப்ஸீர் நூல்கள் பல தக்யானூஸ் என்று அழைக்கின்றன. வெள்ளிதோறும் சூரா கஹ்ஃபு ஓதுகின்ற நம் இல்லங்களில் குகைவாசிகளின் சரிதம் தெரியாத குழந்தை இராது. திருமறை அந்த ஊரையும் பெயர் சொல்லவில்லை, அரசனையும் பெயர் சொல்லவில்லை. கிறிஸ்தவ மரபு அதை எபேசு நகரத்தில், டீசியஸ் காலத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லும். சரூக் நகரத்து யாக்கோபு என்ற சிரிய ஆயர் ஆறாம் நூற்றாண்டிலேயே இதைக் கவிதையாகப் பாடியுள்ளார். இளைஞர் சிலர் தம் இறைநம்பிக்கையைக் காத்துக்கொள்ளக் குகைக்குள் ஓடிய அந்தக் காலத்தைத்தான், 'வாளால் பரவியது' என்ற ஒரே சொல்லில் நாம் அழித்துவிடுகிறோம்.

இப்போது பெரியத்தாவின் பக்கமும் பேசவேண்டும். அவர் சொன்னது முற்றிலும் பொய்யன்று, காலம்தான் பிசகிவிட்டது. 303இல் தியோக்ளேஷியன் தொடங்கிய கடைசிப் பெரும் ஒடுக்குமுறை தோற்றது. 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எல்லாரும் தத்தம் வழிபாட்டைச் செய்யலாம் என்று இசைந்தனர். அப்போதுகூட அது சலுகைதான், கட்டாயமன்று. 325இல் நைசியாவில் கான்ஸ்டன்டைன் ஆயர்களின் மாமன்றத்தைக் கூட்டினான். அரியூஸ் என்ற அலெக்சாந்திரியப் போதகரின் கருத்து அங்கே நிராகரிக்கப்பட்டது, அவர் நாடுகடத்தப்பட்டார். நம்மவர் சிலர் அரியூஸை ஏறக்குறைய ஒரு முஸ்லிமாகவே சித்திரிப்பதுண்டு. அது மிகை. மகன் படைக்கப்பட்டவர் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் உலகம் தோன்றுமுன்பே இருந்தவர் என்றும் அவர் வழியாகவே உலகம் உண்டானது என்றும் அவர் நம்பினார். அதை நம் தவ்ஹீதோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

உண்மையான மாற்றம் 380இல் வந்தது. தியோடோசியஸ் பேரரசர் நைசியாவின் கொள்கையையே அனைவரும் பின்பற்றவேண்டும் என்று ஆணையிட்டார். அதன்பின் பழைய கோயில்கள் மூடப்பட்டன, சில இடிக்கப்பட்டன. 388இல் யூப்ரடீஸ் கரையிலிருந்த கல்லினிக்கம் நகரில், இன்றைய சிரியாவின் ரக்காவில், கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதர்களின் தொழுகைக்கூடத்தை எரித்தது. கட்டிக்கொடுங்கள் என்று பேரரசர் உத்தரவிட்டார். மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் குறுக்கிட்டு அந்த உத்தரவைத் திரும்பப் பெறவைத்தார். 138 ஆண்டுகளுக்கு முன் சான்றுச் சீட்டுக்கு அஞ்சி ஒளிந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். அதிகாரம் வந்தபின் நேர்ந்ததை மறைப்பது எவருக்கும் அழகன்று, நம் வரலாறு உட்பட. நம் மன்னர்கள் செய்ததை எல்லாம் மார்க்கத்தின் பேரில் எழுதக்கூடாது என்று வாதிடுகிறோம். அந்த வாதத்தின் மறுபாதியையும் ஏற்கத்தானே வேண்டும்?

பேரரசின் எல்லைக்கு வெளியே பரவிய விதம் இன்னும் சுவையானது. நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ளதும்கூட. நான்காம் நூற்றாண்டில் தீர் நகரத்து அறிஞர் ஒருவர் இரண்டு சிறுவர்களுடன் இந்தியா என்று வழங்கிய கீழ்த்திசை நாட்டைக் காணப் புறப்பட்டார் என்று ரூஃபினஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். திரும்பும் வழியில், செங்கடல் துறை ஒன்றில் கப்பலிலிருந்தோர் கொல்லப்பட்டனர். சிறுவர்கள் மட்டும் பிழைத்து, அக்ஸூம் மன்னனிடம் அடிமைகளாகச் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவன் ஃபுருமென்டியஸ். அரண்மனையில் வளர்ந்து நம்பிக்கைக்கு உரியவனாகி, அங்கு வந்த ரோமானிய வணிகர்களில் கிறிஸ்தவர்களைத் தேடிப்பிடித்து, வழிபட இடம் அமைத்துக் கொடுத்தான். பிறகு அந்நாட்டின் முதல் ஆயரானான். மன்னன் எசானாவின் காசுகளில் முதலில் பிறையும் வட்டமும் உண்டு. பின்னைய காசுகளில் சிலுவை வந்துவிட்டது.

அந்த அக்ஸூம்தான் அபிசீனியா. அந்த அரியணையில் பின்னாளில் அமர்ந்தவரே நஜ்ஜாஷி. 615இல் மக்காவின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் அடைக்கலம் தேடிக் கடல்கடந்தபோது, அங்கே அநீதி இழைக்காத மன்னர் இருக்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது அவரிடமே. ஜஃபர் இப்னு அபூதாலிப் (ரலி) சூரா மர்யமின் வசனங்களை ஓதக் கேட்டு அவர் கண்ணீர் வடித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவர் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். கடற்கரையில் பிழைத்த ஓர் அடிமைச் சிறுவன் கொண்டுசென்ற மார்க்கத்தின் அவையில்தான் நம் முதல் முஹாஜிர்களுக்கு நிழல் கிடைத்தது.

நம் நாட்டுக்கு? புனித தோமா கி.பி. 52இல் முசிறியில் இறங்கினார், மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது கேரள, தமிழகக் கிறிஸ்தவர்களின் நெடிய மரபு. தோமாவைப் பற்றிய பழைய சிரிய நூல்கூட அவர் ஒரு வணிகனிடம் அடிமையாக விற்கப்பட்டு இந்தியா வந்ததாகவே கூறுகிறது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர், மிளகு விளையும் மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதினார். அவர்கள் பாரசீகத் திருச்சபையோடு தொடர்புடையவர்கள். ரோமானியக் காசு நேரே வந்தது. மார்க்கம் பாரசீகத்தின் வழியாகச் சுற்றி வந்தது போலும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் உள்ளத்தைத் தொட்டது ஒரு செப்பேடு. 849இல், சேர மன்னன் ஸ்தாணு ரவியின் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவத் தேவாலயத்திற்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். பள்ளியை நிறுவியவர் மார் சபீர் ஈசோ. வட்டெழுத்தில், அன்றைய மலைநாட்டு மொழியில் எழுதப்பட்டது. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்கள் அதன் காவலர்களாக நியமிக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்ற சொல் நம்மவர்க்கு அந்நியமன்று. தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு 'அஞ்சுவண்ணம் தெரு' என்றே பெயரிட்டார். ஏட்டின் இறுதியில் சாட்சிகள் ஒப்பமிட்டிருக்கிறார்கள். சிலர் பஹ்லவி எழுத்தில். யூதர்கள் ஹீப்ரு எழுத்தில். முஸ்லிம்கள் கூஃபி அரபு எழுத்தில். ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் நில உரிமைக்கு, இந்து மன்னனின் ஏட்டில், நம் முன்னோர் சாட்சி நின்றிருக்கிறார்கள். அவ்வேடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ள திருச்சபைகளின் காப்பில் உள்ளன.

மறுமுறை ஜீயபுரம் சென்றபோது அந்த ஒப்பங்களின் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோனோம். பிள்ளை பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மைமூன் இப்னு இப்ராஹீம். இஸ்மாயீல் இப்னு யஃகூப். "நம்ம தெருவுல இருக்குற பேரு மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு, "அவங்களுக்கு அந்த எழுத்து தெரியாதே பெரியத்தா, என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போட்டிருப்பாங்க" என்றார். "சாட்சிக் கையெழுத்தாச்சே."